சீமைச் சாமந்தியும் நம் மூன்று மாதக் குளிரும்

திருவையாறு பக்கம், கொல்லையில் எட்டுத் தொட்டி

மூன்று வருடம் முயன்று, போன தை மாதம்தான் என் கொல்லையில் கெமோமைல் பூத்தது. நாட்டு மருந்துக் கடையில் சீமைச் சாமந்திப் பூ என்று சொல்வார்களே, அதுதான்.

முதல் வருடம் புரட்டாசியில் தரையிலேயே விதைத்தேன். விதை கசகசாவை விடப் பொடி, ஒரு கிராமில் பல ஆயிரம் இருக்கும். ஐப்பசி அடைமழை மொத்தத்தையும் வாய்க்காலுக்குக் கொண்டு போய்விட்டது. மறு வருடம் மழைக்குப் பயந்து தை பிறந்த பிறகு விதைத்தேன். செடி வந்தது, ஆனால் மாசிக் கடைசியில் வெயில் ஏறியதும் ஒரு சாண் உயரத்திலேயே காய்ந்துவிட்டது. அது குளிரில் வளர்கிற செடி. அடைமழை விட்டதிலிருந்து பங்குனி வெயில் வரும் வரைக்குமான மூன்று மாதம்தான் நம் டெல்டாவில் அதற்குக் காலம். இது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அதனால் போன முறை கார்த்திகை முதல் வாரம் தாழ்வாரத்தில் ஒரு தட்டில் விதைத்தேன். மேலே மண் தூவவில்லை, இந்த விதைக்கு வெளிச்சம் பட வேண்டும். முன்பு பாதிக்கு மேல் முளைக்காமல் போனதற்கு மண்ணைப் போட்டு மூடியதும் ஒரு காரணம். எட்டாம் நாள் பச்சை தெரிந்தது. மார்கழி நடுவில் தொட்டிக்கு மாற்றினேன். நம் வண்டல் களியில் தண்ணீர் நின்று வேர் அழுகும் என்பதால் மண், மணல், மக்கிய சாணம் மூன்றும் சம பங்கு. இலை கேரட் இலை மாதிரி நூல் நூலாக இருக்கும். அம்மா கொத்தமல்லி என்று நினைத்து ரசத்துக்குக் கிள்ளவே வந்துவிட்டார்.

தை கடைசியில் பூ. நடுவில் மஞ்சள் மேடு, சுற்றிலும் வெள்ளை இதழ். நாளாக ஆக மேடு கூம்பாகி, இதழ்கள் குடை மடங்குவது போலக் கீழே சாயும். ஒரு பூவை நகத்தால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். மேட்டுக்குள்ளே ஒன்றும் இருக்காது, வெறும் கூடு. நான் வளர்க்கிற இந்த வகைக்கு ஜெர்மன் கெமோமைல் என்று பெயர், அதற்கு அதுதான் அடையாளம். வரப்பில் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டும் மஞ்சளும் வெள்ளையுமாகத்தானே பூக்கிறது, அதனால் பிளந்து பார்க்காமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். வாசனை, நறுக்கி வைத்த ஆப்பிள் மாதிரி.

பனி உலர்ந்த பிறகு பறித்து, ரேழியில் பழைய வேட்டி விரித்து நிழலிலேயே ஒரு வாரம் காய வைத்தேன். டீக்கு ஒரு தேக்கரண்டிப் பூ, ஒரு டம்ளர் வெந்நீர். பூவைப் போட்டுக் கொதிக்க விட வேண்டாம். தட்டுப் போட்டு மூடி ஏழெட்டு நிமிடம் வையுங்கள். தட்டைத் திறக்கும்போது அடியில் முத்து முத்தாக நீர் நிற்கும், வாசனை எல்லாம் அதில்தான் இருக்கிறது. அதையும் டம்ளரிலேயே தட்டிவிடுங்கள். தூக்கத்துக்கு இது மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. அப்பா ராத்திரி காபியை விட்டுவிட்டு இதைக் குடிக்கிறார், எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

வேதாரண்யம் பக்கத்திலிருந்து

அக்கா, பிளந்து பார்க்கச் சொன்னீர்களே, அது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் ஒரு வருடம் மிச்சம். கடையில் கெமோமைல் என்று கொடுத்த விதை வேறு ஏதோ டெய்சி. பூ அழகுதான், ஆனால் வாசனையே இல்லை, உள்ளே கெட்டியாக இருந்தது.

2018 கஜா புயலில் எங்கள் தோப்பு போனதிலிருந்து, உப்புக்குத் தாங்குவது எது என்றுதான் எதையும் பார்ப்பேன். உத்தரப் பிரதேசத்தில் களர் நிலத்திலேயே இந்தச் செடியைச் சாகுபடி செய்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு ஆசை வந்தது. இரண்டாம் முறை நல்ல விதை கிடைத்தது. கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரிக்கும், அதை ஊற்றியே வளர்ந்தது. அசுவினிப் பூச்சி மட்டும் தண்டு முழுக்க ஏறிவிட்டது. குடிக்கிற பூ ஆயிற்றே என்று எந்த மருந்தும் அடிக்காமல், தினம் காலையில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினேன். நாலைந்து நாளில் குறைந்தது.

கும்பகோணத்திலிருந்து

என் அனுபவம் கொஞ்சம் வேறு. எனக்குப் பார்த்தீனியம் பட்டாலே கை தடிக்கும். போன மாசியில் நாத்தனார் வீட்டில் இந்த டீயை ஆசையாகப் போட்டுக் கொடுத்தார். பாதி டம்ளர் குடிப்பதற்குள் உதடு அரித்தது, கண்ணில் நீர் வழிந்தது. டாக்டர் முதலில் கேட்டதே சாமந்தி, பார்த்தீனியம் இதெல்லாம் ஒத்துக்கொள்ளாதா என்றுதான். எல்லாம் ஒரே குடும்பமாம். அந்த ஒவ்வாமை உள்ளவர்கள் குடித்துப் பார்க்கவே வேண்டாம், தயவு செய்து. என் மாமனார் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார், அவரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

ஆனாலும் செடியைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. சன்னலுக்கு வெளியே இரண்டு தொட்டி வைத்திருக்கிறோம். மகள்தான் பறிக்கிறாள், நான் உள்ளே நின்று பார்க்கிறேன்.