எலும்பு முறியும் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன்

மஞ்சக்குப்பம் காயில்கடை:
கடலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன், வயது 44. போன வருடம் மழைக்காலத்துக்கு முன்பு தன்னார்வலர்களுக்கான இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போனேன். அங்கே இருந்த ரப்பர் பொம்மையின் நெஞ்சைச் சரியான ஆழத்துக்கு அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். எனக்கு ஒவ்வொரு முறையும் வந்தது. சான்றிதழை லேமினேட் செய்து கடையில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

மூன்று வாரம் முன்பு, ஞாயிறு மாலை, சில்வர் பீச். குளிக்க இறங்கிய இருபது வயதுப் பையன் ஒருவனை மீனவர்கள் இருவர் இழுத்து வந்து மணலில் கிடத்தினார்கள். மூச்சில்லை, வாய் நிறைய நுரை. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கச் சொன்னார் ஒருவர். இன்னொருவர் ஏற்கெனவே வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தார். "நான் பயிற்சி எடுத்தவன்" என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. எப்படியோ உள்ளே புகுந்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன். பத்துப் பன்னிரண்டு தடவை ஆகியிருக்கும், உள்ளங்கைக்கு அடியில் 'மளுக்' என்றது, முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி. கையை எடுத்துவிட்டேன். உடனே யாரோ என்னைத் தள்ளிவிட்டுப் பழையபடி வயிற்றை அமுக்கினார்கள். 108 வந்தபிறகு அவர்கள் முதலிலிருந்து தொடங்கினார்கள். பையன் பிழைக்கவில்லை.

அந்த எலும்பை நான் உடைத்ததுதான் காரணமா? இரவில் கையில் அந்த 'மளுக்' வந்துவிடுகிறது.

கெடிலக்கரை:
இதற்குத்தான் ஓரமாக நிற்க வேண்டும் என்பது. நாளை வழக்கு என்று வந்தால் சான்றிதழா வந்து சாட்சி சொல்லும்?

முத்தியால்பேட்டை அக்கா:
கெடிலக்கரை அண்ணாவுக்கு முதலில். சாலை விபத்தில் உதவுகிறவரைக் காக்க 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 134ஏ பிரிவு இருக்கிறது. கடற்கரைக்கு அது பொருந்தாது. ஆனால் சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்ததைக் குற்றமாகக் கொள்ளாத விதி பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 92ஆம் பிரிவாக இருந்தது, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 30ஆம் பிரிவாக இருக்கிறது. ஆகவே பயமுறுத்தாதீர்கள்.

தம்பி, 31 வருடம் புதுச்சேரியில் அவசரப் பிரிவில் செவிலியராக இருந்தேன். சரியாக அழுத்தினால் விலா எலும்பு முறிவது வழக்கம்தான். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம் போக வேண்டும், 6ஐத் தாண்டக் கூடாது. அந்த ஆழத்துக்கு மனித நெஞ்சு பொம்மையைப் போல வளைந்து கொடுக்காது. முறிந்த எலும்பு கூடிவிடும், நின்ற இதயம் தானாக ஓடாது. சத்தம் கேட்டால் கை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடர்ந்திருக்க வேண்டும். பையனைக் கொன்றது தண்ணீர். உங்கள் கை இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. மூச்சு ஊதினீர்களா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாரடைப்பில் திடீரென்று விழுகிறவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் கொஞ்சம் மிச்சமிருக்கும். அழுத்தம் மட்டும் கொடுத்தாலும் சிறிது நேரம் ஓடும். நீரில் மூழ்கியவன் மூச்சு இல்லாமல்தான் இதயம் நின்று போகிறான். வெறும் ரத்தத்தைச் சுற்றவிட்டு என்ன பயன்? அவனுக்கு முதலில் மூச்சு, பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு. நுரையைத் துடைத்துக்கொண்டு நிற்காதீர்கள், அது வந்துகொண்டேதான் இருக்கும். அதன் மேலேயே ஊதுங்கள். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது தொண்டைக்கு ஏறி மூச்சுக்குழலுக்குள் இறங்கும்.

இன்னொன்று, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் வேண்டும். தமிழில் முப்பது வரை எண்ணிப் பாருங்கள். 'இருபத்தேழு' சொல்லி முடிப்பதற்குள் கை தளர்ந்துவிடும். பத்து பத்தாக மூன்று முறை எண்ணுங்கள், உரக்க. எங்கள் வார்டில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்.

தேவனாம்பட்டினம் வலைக்காரன்:
அண்ணா, பையனை இழுத்து வந்தவர்களில் நான் இல்லை, ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான். 2004 சுனாமியில் நாங்களும் வயிற்றைத்தான் அமுக்கினோம். எத்தனை பேரை என்று கேட்காதீர்கள். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். விலகுங்கள் என்றால் ஒருவரும் விலக மாட்டார்கள், வேலை கொடுத்தால் விலகுவார்கள். "சிவப்புச் சட்டை, 108ஐக் கூப்பிடுங்கள்." "லுங்கி கட்டியவர், ரோட்டில் நின்று வண்டிக்கு வழி காட்டுங்கள்." வயிற்றை அமுக்குகிற பெரியவரிடம் தலையை நேராகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவருக்கும் மரியாதை, கையும் வயிற்றை விட்டு வந்துவிடும். உலர்ந்த மணலில் வேண்டாம், அழுத்துகிற அழுத்தமெல்லாம் மணலுக்குள் போகும். ஈரம் இறுகிய இடத்தில் கிடத்துங்கள், தலை ஒரு பக்கம் தாழாமல், கரைக்கு இணையாக. சிலர் நடுவில் ஒரு தடவை விக்கல் போல வாயைத் திறப்பார்கள். உயிர் வந்துவிட்டது என்று கூட்டம் கத்தும். அதை நம்பி நிறுத்திவிட்டு ஒரு தடவை ஏமாந்தேன்.

முத்தியால்பேட்டை அக்கா:
வலைக்காரத் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. அந்த விக்கல் உண்மையான மூச்சு இல்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். களைத்த கைக்குத் தான் களைத்தது தெரியாது.

மஞ்சக்குப்பம் காயில்கடை:
அக்கா, ஊதவில்லை. பயிற்சியில் சொன்னார்கள், பொம்மைக்கு ஊதியும் இருக்கிறேன். அன்றைக்கு அந்த நுரையைப் பார்த்ததும் குனிய மனம் வரவில்லை. இதை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

நேற்றிரவு கடையை மூடிவிட்டுத் தலையணையை வைத்துப் பத்து பத்தாக எண்ணிப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் தோள் கழன்றுவிட்டது. வாயில் வைத்து ஊதும் மாஸ்க் ஒன்று வாங்கி டூல்ஸ் பையில் போட்டுவைக்கலாம் என்று மூன்று மருந்துக் கடையில் கேட்டேன். மூன்றிலும் கொரோனா மாஸ்க்கை எடுத்து நீட்டினார்கள்.

முத்தியால்பேட்டை அக்கா:
மருந்துக் கடையில் பெரும்பாலும் கிடைக்காது தம்பி. ஆஸ்பத்திரிக் கருவிகள் விற்கும் கடையில் 'பாக்கெட் மாஸ்க்' என்று கேளுங்கள். ஒருவழி வால்வு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.