சீன நாவலை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கினால் ஆளே மாறிவிடுவார்களா?

தொப்பூரான்:
தருமபுரியில் நாலு பேர் சேர்ந்து ‘செம்மாடக் கனவு’ என்ற பழைய சீன நாவலை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கப் பார்க்கிறோம். ஹாக்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, யாங் தம்பதி செய்தது, இரண்டும் கையில் உண்டு. அதில் வரும் நாட்டுப்புறத்து லியூ கிழவி ஒன்றில் ஒரு மாதிரி, மற்றதில் வேறு மாதிரி. எதை நம்புவது?

பாலக்கோடு வாசகி:
இரண்டையும் பக்கத்தில் வையுங்கள் அண்ணா. 6ஆம் அத்தியாயத்தில் ‘முயற்சி மனுசன்கிட்ட, முடிவு வானத்துகிட்ட’ என்பாள் கிழவி. யாங் வானத்தை அப்படியே விட்டார்கள். ஹாக்ஸ் ஆங்கிலப் பழமொழியைப் போட்டுக் கடவுளைக் கொண்டுவந்தார். கிழவி மாதாகோயிலுக்குப் போகிறவள் ஆகிவிட்டாள்.

பெயரில் ஹாக்ஸின் ஏற்பாடு கெட்டிக்காரத்தனம்: எசமானர்களுக்குச் சீன ஒலி, வேலைக்காரப் பெண்களுக்கு ஆங்கிலப் பொருள், நாடகக்காரிகளுக்குப் பிரெஞ்சு, துறவிகளுக்கு லத்தீன். யார் எந்தப் படியில் என்று உடனே தெரியும். ஆனால் ஷீரென் என்ற வேலைக்காரப் பெண்ணை அவர் ‘அரோமா’ ஆக்கியதைப் பார்த்து நீங்கள் ‘நறுமணம்’ என்று எழுதினால் அது நகலின் நகல். பெயருக்குச் சீன ஒலியை விடாத யாங், பேச்சின் ஓட்டத்துக்கு ஹாக்ஸ்.

ஊத்தங்கரை மணி:
உறவுமுறையில்தான் நிஜமான கண்ணி. ஆங்கிலத்தில் தாய்யூ, பாவ்சாய் என்ற இரண்டு பெண்களுமே கதாநாயகன் பாவ்யூவுக்கு வெறும் ‘கசின்’. உள்ளபடி தாய்யூ அத்தை மகள். பாவ்சாய் சித்தி மகள், வயதில் மூத்தவள். அன்றைய சீனாவில் இருவரையும் கட்டலாம். நம் பக்கம் முதல் ஆள் முறைப்பெண், அடுத்தவள் அக்கா! கல்யாணப் பேச்சு வரும்போது அரூர் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

இதில் இன்னொன்று: பாவ்யூ தாய்யூவை ‘லின் தங்கச்சி’ என்றுதான் கூப்பிடுவான். தமிழில் அப்படியே வைத்தால் காதல் காலி. முன்பக்கத்தில் வம்சப்படம் போட்டு, கீழே கட்டும் முறையை 2 வரியில் சொல்லுங்கள். உரையாடலில் பெயர் மட்டும் போதும்.

காவேரிப்பட்டணம் ரவி:
எந்த நாவலானாலும் முழுப் பதிப்பா என்று முதலில் பாருங்கள். ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்ற சீன நாவலுக்கு வேய்லி செய்த ஆங்கிலச் சுருக்கம் ‘மங்கி’ (1942), 100 அத்தியாயத்தில் 30தான். சீன எழுத்தாளர் லாவோ ஷெயின் ரிக்‌ஷாக்காரன் கதையை இவான் கிங் 1945இல் ஆங்கிலமாக்கியபோது முடிவையே மாற்றினார். மூலத்தில் நாயகன் நேசிக்கும் சியாவ் ஃபூஸி தூக்கில் தொங்குகிறாள், ரிக்‌ஷாக்காரன் சியாங்ஸி சீரழிகிறான். கிங் அவளைப் பிழைக்கவைத்துச் சுபமாக முடித்தார். ஆசிரியர் கொதித்ததில் தப்பில்லை. அதற்கு கோல்ட்பிளாட் செய்த மொழிபெயர்ப்பை (2010) எடுங்கள்.

தொப்பூரான்:
நன்றி. கிழவியைத் தருமபுரிப் பேச்சில் பேசவைக்கலாமா?

பாலக்கோடு வாசகி:
கொச்சை வரட்டும், ஊர் தெரிய வேண்டாம். ராகிக் களி, மாரியம்மன் எட்டிப் பார்த்தால் ஹாக்ஸ் செய்ததையே நாமும் செய்தோம். பேச்சுக்குப் பேச்சு அவள் சொல்லும் ‘அமிதாபா’ என்ற புத்தர் பெயரை மட்டும் வெட்டாதீர்கள்.