வீட்டில் ஆள் இருந்தும் 'வாடிக்கையாளர் இல்லை' என்று பதிந்து பார்சலைத் திருப்பிவிட்டார்கள்: யாரிடம், எப்படி முறையிடுவது?

கேள்வி: தாம்பரம் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 76 வயது. மன்னார்குடியிலிருந்து 14 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் கிராமத்தில் அம்மாவுடன் வசிக்கிறார். அவருடைய காது கேட்கும் கருவிகள் இரண்டும் பழுதாகிவிட்டதால் சென்னைக்குக் கொண்டுவந்து சரிசெய்து, தாம்பரத்தில் உள்ள ஒரு தனியார் கூரியர் கிளையில் 180 ரூபாய் கட்டி ஊருக்கு அனுப்பினேன். வாங்கியபோது அவற்றின் விலை 42,000 ரூபாய்.

மூன்றாம் நாள் காலை 11.47 மணிக்கு 'கதவு பூட்டியிருந்தது' என்று எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. உடனே அம்மாவை அழைத்தேன். அப்பா விடிந்ததிலிருந்து திண்ணையில் உட்கார்ந்து, முறத்தில் உளுந்தைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டே தெருவைப் பார்த்தபடி இருக்கிறார் என்றும், ஒரு வண்டியும் வரவில்லை என்றும் சொன்னார். மறுநாள் 'வாடிக்கையாளர் இல்லை' என்றும், அதற்கு மறுநாள் 'வாடிக்கையாளர் பெற மறுத்தார்' என்றும் பதிவாகிப் பார்சல் திருப்பி அனுப்பப்பட்டதாகக் காட்டியது. அப்பாவால் தொலைபேசியில் பேச முடியாது என்பதாலேயே பார்சலின் மேல் என் எண்ணைத்தான் எழுதியிருந்தேன். அந்த எண்ணுக்கு மூன்று நாளும் ஓர் அழைப்புகூட வரவில்லை.

இன்றோடு 19 நாள்கள் ஆகின்றன. பார்சல் என்னிடமும் திரும்பி வரவில்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒவ்வொரு முறையும் புதிய புகார் எண் ஒன்றைத் தந்து, 48 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறார்கள். இதில் என் தவறும் ஒன்று உண்டு. பதிவு செய்யும்போது கவுன்டரில் இருந்த தம்பி, மதிப்பை 500 ரூபாய் என்று போட்டால் கேள்வி எதுவும் இருக்காது என்று சொன்னதைக் கேட்டு அப்படியே எழுதிவிட்டேன். இப்போது முழு மதிப்பையும் கேட்க எனக்கு உரிமை உண்டா? முதலில் யாரிடம் போக வேண்டும்?

பதில் 1: முன்னாள் ஹப் ஊழியர், தஞ்சாவூர்

சகோதரி, ஒரு கூரியர் நிறுவனத்தின் ஹப்பில், அதாவது பார்சல்களைப் பிரித்து விநியோகத்துக்கு அனுப்பும் மையத்தில், நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், உங்கள் பார்சலுக்கு என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

வீடு தேடி வரும் பையன்களில் பெரும்பாலானோர் நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள் அல்லர். ஊரளவில் ஒப்பந்தம் எடுத்த ஒருவரிடம், பார்சல் ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கில் வேலை செய்பவர்கள் அவர்கள். நான் இருந்த இடத்தில் வண்டியும் பெட்ரோலும் அவர்கள் பொறுப்பாகவே இருந்தன. நகருக்குள் ஒரே தெருவில் பத்துப் பார்சல் கொடுத்துவிட முடியும். உங்கள் ஊருக்கு ஒரே ஒரு பார்சலுக்காகப் போக வர 28 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்றால், அன்றைக்குக் கிடைக்கும் கூலி பெட்ரோலுக்கே போய்விடும். ஆகவே அந்தப் பக்கத்துக்கு நாலைந்து பார்சல் சேரட்டும் என்று ஒதுக்கி வைப்பார்கள். ஆனால் காலையில் விநியோகத்துக்கு எடுத்ததாக ஸ்கேன் செய்த எதையும் இரவுக்குள் ஏதாவது ஒரு காரணம் போட்டு முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் அது ஹப்பின் கணக்கில் குறையாக ஏறும். செயலியில் காரணங்கள் வரிசையாக இருக்கும்: கதவு பூட்டியிருந்தது, முகவரி கிடைக்கவில்லை, பெற மறுத்தார் என்று. விரல் எதன் மேல் பட்டதோ அதுவே உங்களுக்குக் குறுஞ்செய்தியாக வரும். மூன்று முறை அப்படிப் போட்டுவிட்டால், எங்கள் நிறுவனத்தில், யாரும் சொல்லாமலேயே பார்சல் திரும்பும் கணக்கில் போய்விடும்.

அந்தப் பையன்களின் நிலையை அறிந்தவன் நான். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் போகாத வீட்டுக்குப் போனதாகப் பதிவது பொய்தான். அந்தப் பொய்யை ஒவ்வோர் இரவும் பார்த்துக்கொண்டே ஏற்றுக்கொள்ளும் நிறுவனம்தான் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சேவை எண்ணை விட்டுவிட்டு, டாக்கெட் (பார்சலைப் பதிந்தபோது தந்த சீட்டு) நகலோடு மன்னார்குடி ஹப்புக்கு யாராவது நேரில் போகட்டும். அந்த மூன்று பதிவுகளும் எந்த இடத்திலிருந்து செய்யப்பட்டன என்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். எங்கள் செயலியில் ஒவ்வொரு பதிவோடும் நேரமும் இடக்குறியீடும் சேர்ந்தே ஏறும். திரும்பும் பார்சலுக்கு யாரும் அவசரம் காட்டுவதில்லை. சாக்கு நிறையும் வரை ஒரு மூலையில் கிடக்கும். அதனால் உங்கள் பார்சல் தொலைந்திருக்கும் என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம்.

பதில் 2: நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர், கும்பகோணம்

முந்தைய பதிலில் சொன்னபடி நேரில் போவது நல்லதே. ஆனால் வாய்ப்பேச்சோடு திரும்பிவிடக் கூடாது. என்ன கேட்டீர்கள், என்ன பதில் கிடைத்தது என்பதைக் கடிதமாக எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். தர மறுத்தால் அதே கடிதத்தை அன்றே அவர்களுடைய தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலிலும் விரைவு அஞ்சலிலும் அனுப்புங்கள்.

இனி மதிப்புப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 1996-இல் பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில், அனுப்புநர் கையொப்பமிட்ட சீட்டில் கூரியர் நிறுவனத்தின் பொறுப்பு 100 அமெரிக்க டாலருக்கு மேல் இல்லை என்று எழுதியிருந்ததால், அந்த வரம்பு அவரைக் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றும் கூரியர் நிறுவனங்கள் முதலில் எடுத்து நீட்டும் தீர்ப்பு அதுதான். எனினும், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டு, படித்துக் காட்டாமலும் கையொப்பம் பெறாமலும் விட்ட நிபந்தனை வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தாது என்று நுகர்வோர் ஆணையங்கள் முடிவு செய்த வழக்குகளும் உண்டு. ஆகவே உங்கள் டாக்கெட்டை எடுத்து, எந்த இடத்தில் கையொப்பம் இட்டிருக்கிறீர்கள், அதன் அருகில் என்ன அச்சாகியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். 500 ரூபாய் என்று உங்கள் கையாலேயே எழுதியது உங்கள் தரப்பைப் பலவீனப்படுத்தும். அதை மறைக்காமல், கவுன்டரில் சொன்னதால் எழுதினேன் என்றே குறிப்பிடுங்கள்.

ஆனால் ஒன்றை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். பொருள் தொலைந்ததற்கான இழப்பீடு ஒன்று. வராமலேயே வந்ததாகப் பொய்ப் பதிவு செய்த சேவைக் குறைபாடு வேறொன்று. மதிப்பு வரம்பு முதலாவதைப் பற்றியது. இரண்டாவதற்கு, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்குமான தொகையைத் தனியாகக் கேட்கலாம். உங்கள் வழக்கின் வலு அதில்தான் இருக்கிறது. பதிவு நடந்த இடத்தைக் காட்டும் சான்று கிடைத்தால் அது மேலும் கூடும்.

நடைமுறை எளிதானது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள்; பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே பேச முன்வருகின்றன. தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம்; நிறுவனத்தின் தலைமையகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் கவலையில்லை. சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. நீங்கள் செலுத்தியது 180 ரூபாய்தான். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. உங்கள் ஒப்புதலோடு அந்தச் சேவையின் பயனைப் பெற வேண்டியவர் என்ற முறையில் உங்கள் அப்பாவும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே. அவரையும் மனுதாரராகச் சேருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பார்சல் லாரியிலோ வேனிலோ சென்றிருந்தால், 2007-ஆம் ஆண்டு சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தையும் எதிர்த்தரப்பு காட்டக்கூடும். பொருள் இழப்புக்காக வழக்குப் போடுவதற்கு முன், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் சொல்கிறது. 48 மணி நேரம் பொறுங்கள் என்று அவர்கள் சொல்லிச் சொல்லி நாளைக் கடத்தினால் இந்தக் கெடு கைநழுவிப் போகும். எனவே அறிவிப்பை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

பதில் 3: சின்னாளப்பட்டி சுங்குடி வியாபாரி

அக்கா, நான் சுங்குடிச் சேலைகளைப் பார்சலில் அனுப்பிப் பிழைப்பு நடத்துகிறவள். இதே 'கதவு பூட்டியிருந்தது' என்ற சொல்லால் எத்தனையோ வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறேன். தீபாவளிக்குக் கட்டிக்கொள்ள ஆசையாகக் கேட்ட சேலை கார்த்திகைக்குப் பிறகு என் வீட்டுக்கே திரும்பி வரும்போது, போக வரக் கட்டணத்தையும் நானே சுமந்து, அவர்களிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

அதிலிருந்து கற்றதைச் சொல்கிறேன். பார்சலை ஒட்டிய பிறகு தராசில் வைத்து, எடை தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்வேன். டாக்கெட்டில் உள்ள எடையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். திரும்பி வரும்போது எடை குறைந்திருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன். குறிப்பு எழுதிய பிறகே வாங்குவேன். உங்கள் பார்சல் கிடைத்தாலும் பிரிப்பதற்கு முன் எடை போட்டு, பிரிப்பதை இடைவெளி இல்லாமல் வீடியோ எடுங்கள்.

கிராமத்து முகவரி என்றால் நான் இப்போது அஞ்சல் துறையைத்தான் நம்புகிறேன். தபால்காரருக்கு ஊரில் யார் வீடு எது என்று தெரியும். வீட்டில் இல்லை என்றால் வயலில் இருப்பதும் தெரியும். ஆனால் அங்கேயும் விரைவு அஞ்சல் தொலைந்தால், கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். விலை உயர்ந்த பொருளுக்குக் காப்பீடு செய்து அனுப்ப வேண்டும். அதற்குச் சில ரூபாய் கூடுதலாகப் போவதை நான் இப்போது யோசிப்பதே இல்லை.

கேள்வி கேட்டவரின் மறுபதிவு

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று என் சித்தப்பா மகன் மன்னார்குடி ஹப்புக்கு நேரில் போய் வந்தான். முதலில், எல்லாம் கணினியில் இருப்பதுதான், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். கடிதத்தை நீட்டி இடக்குறியீட்டைக் கேட்டதும் மேற்பார்வையாளர் தாமே கணினியில் எடுத்துக் காட்டினார். மூன்று பதிவுகளும் அந்த ஹப் இருக்கும் கட்டடத்திலிருந்தே செய்யப்பட்டிருந்தன. எங்கள் ஊர்த் திசையில் ஒரு நாள்கூட வண்டி எடுக்கப்படவில்லை. அவர் வருத்தம் தெரிவித்து, கடித நகலில் முத்திரை வைத்துக் கொடுத்தார். பார்சல் திருச்சிக்குப் போன சாக்கு ஒன்றில் ஏறியிருப்பதாகவும், வியாழக்கிழமைக்குள் திருப்பி வரவழைப்பதாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

டாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையொப்பம் முன்பக்கத்தில், மதிப்புக்குக் கீழே இருக்கிறது. நிபந்தனைகள் பின்பக்கத்தில் உள்ளன, அங்கே கையொப்பம் இல்லை. எடை 340 கிராம் என்று குறித்திருக்கிறார்கள். பருத்திப் பஞ்சு சுற்றிய சிறிய தகர டப்பாவில் இரண்டு கருவிகளும், ஆரஞ்சு ஒட்டு வைத்த பாட்டரி அட்டை இரண்டும் வைத்திருந்தேன். சின்னாளப்பட்டித் தங்கை சொன்னபடி, வந்ததும் எடை போட்ட பிறகே பிரிப்போம்.

பார்சல் கிடைத்தாலும் அறிவிப்பை அனுப்புவதாக முடிவு செய்துவிட்டேன். வழக்கறிஞர் ஐயா, வரைவை நாளை இங்கே இடுகிறேன். பார்த்துத் திருத்தித் தர வேண்டுகிறேன். அப்பாவையும் சேர்த்திருக்கிறேன். 'வாடிக்கையாளர் பெற மறுத்தார்' என்ற பதிவு தவறானது என்று நிறுவனம் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு அதை நீக்க வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாக வைத்திருக்கிறேன். வீடு தேடி வந்த எதையும் தாம் மறுத்ததில்லை என்று அப்பா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று அம்மா சொன்னார்.