ஃபார்மட் கேட்கும் ஹார்ட் டிஸ்கிலிருந்து ஒலிப்பதிவுகளை மீட்க முடியுமா?

குயில்நேரம்:
வணக்கம். ஒன்பது வருடமாக விடியற்காலையில் எழுந்து பறவைக் குரல்களைப் பதிவு செய்து வருகிறேன். எல்லாம் ஒரே 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபைல் அமைப்பு. கிட்டத்தட்ட 4,100 வேவ் ஃபைல்கள். ஒவ்வொரு ஃபைலின் பெயரிலும் தேதி, நேரம், பறவை, இடம் நான்கும் இருக்கும். பெயர் போய்விட்டால் குரல் மட்டும் கிடைத்து என்ன செய்ய?

நேற்று ஒரு பதிவு பாதியில் நின்றது, கணினியே இரண்டு நிமிடம் உறைந்துபோனது. மறுபடி செருகினால் ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கிறது. ரத்து செய்துவிட்டேன். டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 197ஆவது வரியில், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் (டிஸ்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்) 1,344 என்று இருக்கிறது. டக் டக் சத்தம் எதுவும் இல்லை. விண்டோஸின் டிஸ்க் சரிசெய்யும் கருவியான செக்டிஸ்க் ஓட்டலாமா? வேறு நகல் கிடையாது.

பழையகேபிள்:
ஓட்டவே ஓட்டாதீர்கள். செக்டிஸ்க் அந்த டிஸ்கிலேயே எழுதும், படிக்க முடியாத பதிவுகளைத் தூக்கிவிடும். முதலில் கழற்றி வையுங்கள். சத்தம் வந்தால் மட்டும் நீங்களாக எதுவும் செய்யாமல் மீட்பு நிலையத்துக்குக் கொடுத்துவிடுங்கள், படிக்கும் ஹெட் உடைந்த டிஸ்கை மேலும் சுற்றவிட்டால் தட்டு கீறிவிடும்.

இரவுப்பணி:
சத்தம் இல்லை என்பதால் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் இந்த டிஸ்கை இன்னும் எத்தனை மணி நேரம் படிக்க முடியும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் முழு டிஸ்கையும் ஒரு இமேஜாக, அதாவது அப்படியே நகலெடுத்த ஒரே ஃபைலாக எடுத்துவிடுங்கள், பிறகு செய்வதெல்லாம் இமேஜின் மேல்தான்.

அதற்குக் குனு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் போதும். டெபியன் லினக்ஸில் பேக்கேஜ் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, அதைக் கவனியுங்கள். நிறுவாமலே ஓடும் லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, டிஸ்க் தானாக மவுன்ட் ஆகாமல் (ஃபைல்களைக் காட்டத் திறந்துகொள்ளாமல்) பார்த்துக்கொள்ளுங்கள். இமேஜ் வைக்க 1 டிபிக்கு மேல் காலியிடம் உள்ள டிஸ்க் வேண்டும். அது ஃபேட்32 ஆக இருக்கக்கூடாது, 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக அதில் எழுத முடியாது. முடிந்தால் பழைய டிஸ்கை உறையிலிருந்து எடுத்து நேராகக் கணினிக்குள் உள்ள சாட்டா இணைப்பில் மாட்டுங்கள். மோசமான செக்டர் வரும்போது யுஎஸ்பி சிப் அடிக்கடி மாட்டிக்கொள்ளும்.

கட்டளையில் மூன்று பெயர்: மூல டிஸ்க், இமேஜ், மேப் ஃபைல். இந்த வரிசை மாறினால் கதை முடிந்தது. அதனால் எந்த டிஸ்க் எது என்பதைச் சீரியல் எண்ணை வைத்தே முடிவு செய்யுங்கள். ஃபோர்ஸ் ஆப்ஷன் கேட்டால் நிறுத்துங்கள். இமேஜை ஃபைலாக எடுக்கும்போது அது தேவைப்படாது, எங்கோ ஒரு டிஸ்கின் மேலேயே எழுதப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

மேப் ஃபைல்தான் இதில் உயிர். எது படித்தாயிற்று, எது பாக்கி என்று அதில் குறித்து வைக்கும். மின்சாரம் போனாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

உங்களுக்குப் பெயர்தான் முக்கியம் என்றீர்கள். என்டிஎஃப்எஸ்ஸில் பெயர்கள் இருப்பது எம்எஃப்டி என்ற அட்டவணையில். ஃபைலுக்கு 1 கேபி, 4,100 ஃபைலுக்கு 4 எம்பி சொச்சம்தான்! பெரும்பாலும் பார்ட்டிஷனின் (டிஸ்கில் பிரித்த பகுதியின்) 3 ஜிபி அருகே தொடங்கும். அதனால் முதல் 8 ஜிபியை மட்டும் முதலில் எடுங்கள். அப்புறம் மீதி டிஸ்க், ஸ்க்ரேப்பிங் (மோசமான இடங்களைச் செக்டர் செக்டராகச் சுரண்டிப் படிப்பது) இல்லாமல் ஒரு சுற்று. கடைசியாகத்தான் ஸ்க்ரேப்பிங், மூன்று முறை மறுமுயற்சி. நல்ல இடங்களை முதலில் வாரிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு விடுவதுதான் இதன் சூட்சுமம்.

ஃபோட்டோரெக் என்ற மீட்பு நிரல் இப்போது வேண்டாம். குரல் கிடைக்கும், பெயர் கிடைக்காது.

குயில்நேரம்:
முதல் 8 ஜிபி ஒரு பிழைகூட இல்லாமல் வந்தது, பார்ட்டிஷனின் முதல் செக்டரைத் தவிர! அதன் பூட் செக்டர் அது. அதனால்தான் ஃபார்மட் கேட்டிருக்கிறதா? முழுச் சுற்றுக்கு ஐந்து மணி நேரம், 46 எம்பி விட்டுப்போனது. ஸ்க்ரேப்பிங் முடிந்ததும் 2.1 எம்பி. மறுமுயற்சிக்குப் பிறகு 1.6 எம்பி, அதற்குமேல் அசையவில்லை.

இரவுப்பணி:
அருமை. ஆமாம், பூட் செக்டர் படிக்கவில்லை என்றால் அதைத்தான் கேட்கும். அதன் நகல் பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் இருக்கும். இமேஜை இன்னொரு நகல் எடுத்து, அந்த நகலை டெஸ்ட்டிஸ்க் என்ற நிரலில் திறந்து, அட்வான்ஸ்டு, பூட், பேக்கப் பிஎஸ் (பேக்கப் பூட் செக்டர்) என்று போங்கள். பிறகு படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்யுங்கள்.

எந்த ஃபைல்கள் அடிபட்டன என்று அறிய, டிடிரெஸ்க்யூவின் ஃபில் முறையால் அந்த நகலின் மோசமான செக்டர்களில் மட்டும் எங்கும் வராத ஒரு சொல்லை நிரப்பி, அந்தச் சொல்லை எல்லா ஃபைல்களிலும் தேடுங்கள். கேட்பதற்கு மூல இமேஜிலிருந்து புது நகல் எடுங்கள், நிரப்பிய சொல் காதில் இரைச்சலாக விழும்.

குயில்நேரம்:
எல்லாப் பெயர்களும் அப்படியே இருக்கின்றன. பட்டியலைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, நன்றி.

அடிபட்டவை 11 ஃபைல்கள். அதில் ஒன்று இரண்டு ஆந்தைகள் மாறி மாறிக் கூப்பிடும் பதிவு, அதைத்தான் முதலில் கேட்டேன். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் ஒரு 4,096 பைட் செக்டர் 23 மில்லி செகண்ட்தான். முதல் ஆந்தை முடித்தபின் ஒரு துளி அமைதி, உற்றுக் கேட்டால் மட்டும் தெரிகிறது. பதில் குரலில் எதுவும் குறையவில்லை. இதுவே புகைப்படமாக இருந்தால் அந்த இடத்துக்குக் கீழே படமே சிதைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒலித்தொகுப்பு இப்போது இரண்டு புது டிஸ்குகளுக்கு நகலாகிக்கொண்டிருக்கிறது. மூல இமேஜையும் மேப் ஃபைலையும் அழிக்கவில்லை.

பழையகேபிள்:
அந்த ஆந்தைப் பதிவை எங்கேயாவது ஏற்றினால் சொல்லுங்கள், கேட்க வேண்டும்.