கொடுங்கையூர் எரிஉலைச் சாம்பலில் செங்கல் போடலாமாம்!

எருக்கஞ்சேரிக்காரன்:
"கொடுங்கையூர் உலையில் குப்பையை எரித்து மின்சாரம் எடுத்தால் எதுவும் வீணாகாது, மிஞ்சுகிற சாம்பலில் செங்கல் போட்டுவிடலாம்" என்று நேற்று ஒரு மேதாவி இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார், அதற்குக் கைதட்டல் வேறு. ஐயா, ஆயிரம் டன் குப்பையை எரித்தால் 200, 250 டன் சாம்பல் மிஞ்சும். அதை எந்தச் சூளைக்காரர் வாங்குகிறார்? சொல்லுங்கள்.

பொறியாளர்_பெரம்பூர்:
அந்த மேதாவி நான்தான். அனல்மின் நிலையச் சாம்பலில் செங்கல் போடுவதும் சிமெண்டில் கலப்பதும் ஊரறிந்த விஷயம். நெதர்லாந்தில் குப்பை எரித்த சாம்பலைச் சாலைக்கு அடியில் போட்டு இறுக்குகிறார்கள். கொஞ்சம் படித்துவிட்டு எதிர்க்கலாமே.

எருக்கஞ்சேரிக்காரன்:
நிலக்கரிச் சாம்பலைக் காட்டிக் குப்பைச் சாம்பலை எங்கள் தலையில் கட்டாதீர்கள். நம் ஊர்க் குப்பையில் பேட்டரி, டியூப் லைட், பிவிசி ஒயர், டயப்பர் எல்லாம் ஒரே மூட்டையில் வரும். ஈயமும் காட்மியமும் எரிந்து காணாமல் போய்விடாது, சாம்பலில்தான் உட்காரும். அந்தச் செங்கலில் உங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரை எழுப்புவீர்களா?

பொறியாளர்_பெரம்பூர்:
சாம்பல் சாம்பல்தான். சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள்.

வேதியியல்_டீச்சர்:
ஒரு நிமிடம். உலைக்கு அடியில் விழும் சாம்பல் வேறு, புகை வடிகட்டியில் பிடிபடும் ஃப்ளை ஆஷ் வேறு. அடிச்சாம்பலில் இரும்பைப் பிரித்துவிட்டுச் சாலைக்குப் போடலாம். ஃப்ளை ஆஷ் எடையில் கொஞ்சம்தான், ஆனால் டையாக்சின் என்ற நச்சு அதில்தான் சேரும், பாதுகாப்பான தனி நிலவறையில் புதைக்க வேண்டிய அபாயகரக் கழிவு அது. நீங்கள் இருவரும் எதைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள்?

எருக்கஞ்சேரிக்காரன்:
டீச்சர், பாடம் அப்புறம் நடத்துங்கள். எந்தச் சாம்பலோ, எங்கே போகும்? எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றுக்குள் போய்ப் பாருங்கள், கால் வைத்தால் அனல்மின் நிலையச் சாம்பல் சேறு முழங்கால் வரை இழுக்கும். செங்கல் ஆக வேண்டிய சாம்பல்தானே அதுவும்? ஆற்றுக்குள் என்ன செய்கிறது?

மணலி_ஷிஃப்ட்:
எல்லாவற்றையும் எதிர்த்தால் எப்படி அண்ணே? 2019 முதல் கொடுங்கையூரில் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் சாக்கடைத் தண்ணீரை ஆர்.ஓ. வரை சுத்தம் செய்து மணலி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் இருக்கிறது. குடிநீர் மிச்சம். மறுபயன்பாடு என்றால் அதுதான்.

எருக்கஞ்சேரிக்காரன்:
தம்பி, தண்ணீர் உங்கள் ஆலைக்கு, நாற்றம் எங்களுக்கு. சரி, அதை விடுங்கள். சாம்பல் எங்கே போகும் என்றுதான் கேட்டேன்.

பொறியாளர்_பெரம்பூர்:
இவருக்கு எதுவும் ஆகாது. மெட்ரோ பற்றிய விவாத இழையிலும் இப்படித்தான் ஒரே கேள்வியைப் பிடித்துத் தொங்கினார். குப்பை மேடு தீப்பிடித்துப் புகைந்தால் மட்டும் சம்மதமா? உலையில் வடிகட்டியாவது இருக்கும்.

எருக்கஞ்சேரிக்காரன்:
மெட்ரோ இழையில் நீங்கள் பதில் சொல்லாமல் ஓடியதையும் மறக்கவில்லை சார். உலை அவ்வளவு நல்லது என்றால் தெற்கே பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் வையுங்கள். அங்கே பசுமைப் பூங்கா, இங்கே புகைக்கூண்டா? மொட்டைமாடியில் வற்றல் காயவைத்தால் மேலே கரி படிகிறது, அந்தத் தட்டைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுக்கட்டுமா? பெரம்பூரில் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு வடசென்னை எங்கே புரியும்.

பொறியாளர்_பெரம்பூர்:
பெரம்பூர் வடசென்னை இல்லையா? என் தாத்தா காலத்திலிருந்து இங்கேதான் இருக்கிறோம்.

மணலி_ஷிஃப்ட்:
பெரம்பூர்க்காரர்கள் வீட்டு விளம்பரத்தில் மட்டும் "அயனாவரம் அருகில்" என்று போடுவார்களே, அதைக் கேளுங்கள் அண்ணே 😂

வேதியியல்_டீச்சர்:
ஃப்ளை ஆஷை வைக்கக் கும்மிடிப்பூண்டியில் நிலவறை இருக்கிறது, அதைப் பற்றி யாராவது...

எருக்கஞ்சேரிக்காரன்:
கும்மிடிப்பூண்டியும் வடக்கேதான் டீச்சர். பொறியாளரே, சூளைக்காரர் பெயர் இன்னும் வரவில்லை.

பொறியாளர்_பெரம்பூர்:
முதலில் பெரம்பூரைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேளுங்கள், அப்புறம் பேசலாம்.