பள்ளிப் பாதுகாப்புக்கு யார் யாரைக் கோத்து வைப்பது? (கூடலூர் – பந்தலூர் பகுதி)

கேள்வி – நாடுகாணி எஸ்.ஐ.

வணக்கம். ஸ்டேஷனில் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் பொறுப்பு புதிதாக வந்திருக்கிறது. எல்லைக்குள் அரசுப் பள்ளி, மெட்ரிக், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி எல்லாம் உண்டு. ஹெச்.எம்.களை ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தாயிற்று. ஆனால் அவசரத்துக்கு அது உதவவில்லை. யானை, கஞ்சா, பள்ளி வண்டி, போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றத் தடுப்புச் சட்டம்) என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை. எங்கிருந்து தொடங்குவது? அமெரிக்காவில் பள்ளிக்கென்றே காவலர் உண்டாமே, அதில் நமக்கு ஆகிற விஷயம் ஏதாவது இருக்கிறதா?

பதில் 1 – ஓய்வு எஸ்.எஸ்.ஐ., குன்னூர்

சட்டமே ஒரு கட்டமைப்பு கொடுத்திருக்கிறது சார், அதை முதலில் பிடியுங்கள். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 107-ன்படி மாவட்டத்துக்கு ஒரு சிறப்புச் சிறார் காவல் பிரிவு, டி.எஸ்.பி. தலைமையில். எல்லா ஸ்டேஷன் குழந்தைகள் நல அலுவலர்களும் அதில் உறுப்பினர்கள். கூடவே இரண்டு சமூகப் பணியாளர்கள், ஒருவர் பெண். ஊட்டியில் குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இரண்டோடும் பேச அவர்கள்தான் சுருக்கு வழி. முதல் வாரமே நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

எண் பட்டியலைப் பெயர் வைத்துப் போடாதீர்கள், பதவி வைத்துப் போடுங்கள். மாறுதல் கலந்தாய்வு முடிந்ததும் பாதி எண் வேறு ஊருக்குப் போய்விடும். பள்ளிக்கு இரண்டு எண் வேண்டும்: ஹெச்.எம். ஒன்று, அந்த ஊரிலேயே குடியிருக்கும் ஒருவர் இன்னொன்று. சத்துணவு அமைப்பாளர் பெரும்பாலும் உள்ளூர்க்காரராக இருப்பார். ஜூனில் ஒரு தடவை, பொங்கல் கழித்து ஒரு தடவை, ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட்டுச் சரிபாருங்கள். எல்லையோரம் போனில் கேரளா, கர்நாடகா டவர் எடுத்தால் 112 அழைப்பு அந்தப் பக்கம் போய் விழக்கூடும். ஸ்டேஷன் நேரடி எண்ணையும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் பள்ளிச் சுவரில் பெயின்ட்டில் எழுத வையுங்கள்.

யானை விஷயத்தில் வனத்துறை ரேஞ்சர் எண் மட்டும் போதாது. விடியற்காலையில் அது எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று தெரிந்தவர் வேட்டைத் தடுப்புக் காவலர்தான். அவர் சொல்வது நேரே பள்ளி வண்டி டிரைவருக்குப் போக வேண்டும். ரேஞ்சர், ஸ்டேஷன், ஹெச்.எம்., டிரைவர் என்று நாலு கை மாறி வருவதற்குள் பிள்ளைகள் லைன் வீட்டை (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) விட்டுத் தேயிலைக் காட்டுக்குள் இறங்கியிருப்பார்கள். அவர்களில் பலர் வண்டியில் வருபவர்களும் இல்லை, நடந்து வருபவர்கள். அதனால் ஒவ்வொரு லைனிலும் ஒரு பெற்றோர் எண் வேண்டும். மழை விடுமுறைச் செய்திக்கும் அதே வரிசைதான்.

பதில் 2 – குழந்தை உரிமை வழக்கறிஞர், ஊட்டி

அமெரிக்க முறையில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1991-ல் தொடங்கிய அங்குள்ள பள்ளிக் காவலர்களின் தேசியச் சங்கம் 40 மணி நேர அடிப்படைப் பயிற்சி தருகிறது. சட்டம், பாடம், ஆலோசனை என்று மூன்று வேலை சொல்கிறது. பள்ளி ஒழுங்கு நடவடிக்கையில் காவலர் தலையிடக் கூடாது என்பதை எழுத்து ஒப்பந்தத்திலேயே வைக்கச் சொல்கிறது. இங்கே ஹெச்.எம். முதலில் கேட்பதே, ‘முடி வெட்டாத பசங்களை வந்து ஒரு மிரட்டு மிரட்டுங்க சார்’ என்பதுதான். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தடவை மிரட்டிவிட்டால், கஞ்சா விற்பது யாரென்று அந்தப் பசங்கள் உங்களிடம் வாயே திறக்க மாட்டார்கள்.

அடுத்தது வாட்ஸ்அப் குழு. அதில் பிள்ளையின் பெயர், வகுப்பு, போட்டோ எதுவும் வரக் கூடாது. சிறார் நீதிச் சட்டம் பிரிவு 74, போக்சோ பிரிவு 23 இரண்டும் அடையாளத்தைக் காக்கச் சொல்பவை. குழுவில் வழி, வானிலை, யானை மட்டும் போடட்டும், மற்றது போனில்.

போக்சோ புகாரைப் ‘பள்ளிக்குள்ளேயே விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்’ என்று வைத்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. தெரிந்ததும் பிரிவு 19-ன்படி சொல்லியே ஆக வேண்டும். நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ஹெச்.எம். கூட்டத்தில் இதை வாசித்தே காட்டுங்கள். உங்கள் பக்கம்: 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல், வாக்குமூலத்துக்கு யூனிஃபார்ம் இல்லாமல் போக வேண்டும்.

பதில் 3 – அரசுப் பள்ளி ஹெச்.எம்., பந்தலூர்

எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்துக்கு வாருங்கள் சார். முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். எந்தக் கடையில் என்ன விற்கிறது என்பது அங்கேதான் தெரியவரும்.

கடை அளக்கும்போது ஒன்று கவனியுங்கள். புகையிலை விற்பனைக்கான 100 கெஜ (சுமார் 91 மீட்டர்) தடை பள்ளியின் வெளி மதிலிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டியது, ரோடு வழியாக அல்ல. மலையில் கீழ் வளைவில் இருக்கும் கடை ரோட்டில் 300 மீட்டர் காட்டும், நேர்கோட்டில் 70 மீட்டருக்குள் வந்துவிடும். கடைக்காரர் ரோட்டுக் கணக்கைச் சொல்லித் தப்பப் பார்ப்பார். பையனுக்கே கொடுத்தது தெரிந்தால் 200 ரூபாய் அபராதத்தோடு விடாதீர்கள். சிறார் நீதிச் சட்டம் பிரிவு 77-ல் ஏழாண்டு வரை கடுங்காவல் இருக்கிறது.

நாடுகாணி எஸ்.ஐ.

மூவருக்கும் நன்றி. உண்டு உறைவிடப் பள்ளியில் பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் தமிழில் சரளமாகப் பேசுவதில்லை. அங்கே என்ன செய்வது?

குழந்தை உரிமை வழக்கறிஞர், ஊட்டி

போக்சோ பிரிவு 26 மொழிபெயர்ப்பாளரை அனுமதிக்கிறது, ஊதியத்தோடு. அந்தந்த மொழி பேசும் ஒரு பெண்ணை இப்போதே பாதுகாப்பு அலகு மூலம் பட்டியலில் சேர்த்து வையுங்கள். வார்டனை மட்டும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். புகாரே அந்த விடுதியைப் பற்றியதாக இருக்கலாம்.