பழைய லேப்டாப்பை ஃபைல் சர்வர் ஆக்கினேன், வேகம் 11-ஐத் தாண்ட மறுக்கிறது

அரைகுறை_அட்மின்:
நண்பர்களே, மூலையில் கிடந்த ஒரு பழைய லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டு, 4 டிபி யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகி, சம்பா என்ற ஃபைல் பகிரும் மென்பொருள் மூலம் வீட்டில் எல்லாருக்கும் ஒரு பொது ஃபோல்டர் திறந்து வைத்திருக்கிறேன். படங்கள், வீடியோக்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள் எல்லாம் அதில்தான். வேலை செய்கிறது, ஆனால் மூன்று குடைச்சல். முதலாவது, என் கம்ப்யூட்டரிலிருந்து பெரிய ஃபைல் எதைக் காப்பி செய்தாலும் நொடிக்கு 11 எம்பி, அதற்கு மேல் ஒரு இம்மியும் ஏறுவதில்லை. இரண்டு பக்கமும் கேபிள்தான், வைஃபை இல்லை. டிஸ்கை நேரடியாகக் கம்ப்யூட்டரில் செருகினால் 100-க்கு மேல் ஓடுகிறது. இரண்டாவது, கரண்ட் போய் வந்தால் சர்வரின் ஐபி மாறிவிடுகிறது, எல்லாக் கருவியிலும் மறுபடி மாற்ற வேண்டியிருக்கிறது. மூன்றாவது, இன்னொரு 4 டிபி டிஸ்க் வாங்கி ரெய்டு 1 (இரண்டு டிஸ்கிலும் ஒரே தரவை எழுதுவது) போட்டுவிட்டால் பேக்கப் கவலை தீர்ந்ததா? அப்புறம் வெளியூர் போகும்போதும் இந்த ஃபோல்டர் வேண்டும், ரவுட்டரில் சம்பா பயன்படுத்தும் போர்ட் 445-ஐத் திறந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

கம்பி_இணைப்பு:
கடைசி வரியைப் படித்ததும் பகீர் என்றது. 445-ஐத் தொடாதீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

11 என்ற எண்ணே பாதி விடையைச் சொல்லிவிட்டது. 100 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் (8 பிட் சேர்ந்தால் ஒரு பைட்) 12.5 எம்பி, அதில் பாக்கெட் தலைப்புகளுக்குப் போனது போக மிஞ்சுவது பதினொன்றரை, பன்னிரண்டு. அதாவது வழியில் எங்கோ ஓர் இணைப்பு ஜிகாபிட்டாக (1000 மெகாபிட்) இல்லாமல் 100-இல் ஓடுகிறது. ஜிகாபிட் என்றால் 110 அளவில் வரவேண்டும். சர்வரில் ஈத்டூல் கட்டளை கொடுத்து வேகம் 1000 என்று காட்டுகிறதா பாருங்கள், கம்ப்யூட்டர் பக்கமும் நெட்வொர்க் அடாப்டரின் நிலையைப் பாருங்கள். எந்தப் பக்கம் 100 என்று வருகிறதோ குற்றவாளி அந்தப் பக்கம். பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரின் போர்ட்டே 100 மட்டும்தான். அப்படியானால் ரவுட்டரை மாற்ற வேண்டாம், சின்ன ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கி கம்ப்யூட்டரையும் சர்வரையும் அதில் செருகி, அதிலிருந்து ஒரே ஒரு கேபிள் ரவுட்டருக்கு. காப்பி ஸ்விட்சுக்குள்ளேயே முடிந்துவிடும், ரவுட்டர் வழியாகப் போகாது. இரண்டு, கேபிள். 100-க்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும், ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100-க்குத் தேவைப்படாத மற்ற நான்கு கம்பிகளில் ஒன்று அறுந்தால் கேபிள் செத்துப்போகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி நன்றாக இருப்பதுபோல நடிக்கும். அதனால்தான் யாரும் கேபிளைச் சந்தேகிப்பதில்லை. மாற்றுவதென்றால் கேட் 5இ போதும், ஜிகாபிட்டை 100 மீட்டர் வரை தாங்கும். கேட் 7, தங்க முலாம் என்று யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஐபி விஷயம் எளிது. ரவுட்டரின் டிஎச்சிபி (கருவிகளுக்கு ஐபி வழங்கும்) பக்கத்தில் சர்வரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஓர் ஐபியை ஒதுக்கி வையுங்கள். சர்வரிலேயே நிலையான ஐபி எழுதுவதைவிட இது நல்லது, எது எங்கே இருக்கிறது என்று ஒரே இடத்தில் பார்க்கலாம்.

இப்போது 445. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் ரான்சம்வேர் பரவியது 445-இல் ஓடும் எஸ்எம்பி என்ற இந்த ஃபைல் பகிர்வு முறை வழியாகத்தான். அந்த ஓட்டை விண்டோஸுடையது, உங்களிடம் இருப்பது சம்பா, ஆனாலும் இணையத்தில் திறந்து கிடக்கும் 445-ஐத் தேடி நாள் முழுக்கக் கதவு தட்டிக்கொண்டே இருப்பார்கள். வெளியிலிருந்து வேண்டுமென்றால் வயர்கார்டு என்ற விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) போடுங்கள், ஒரே ஒரு யூடிபி போர்ட், சரியான சாவி இல்லாதவனுக்குப் பதிலே சொல்லாது. ரவுட்டரின் வெளி ஐபி 100.64-இல் தொடங்கி 100.127-க்குள் இருந்தால் மட்டும் அது நேரடியாக நடக்காது, பொது ஐபி ஒன்றைப் பலருக்குப் பங்கிட்டுத் தந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது டெயில்ஸ்கேல் போன்ற, போர்ட் திறக்கத் தேவையில்லாத விபிஎன் ஒன்றைப் பாருங்கள்.

சுட்டபூனை:
மேலே சொன்னதெல்லாம் சரி. யாரும் தொடாமல் விட்ட ரெய்டுக்கு வருகிறேன். ரெய்டு 1 பேக்கப் இல்லை. ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் ஓடும், அவ்வளவுதான் அதன் வேலை. நீங்கள் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அதே நொடியில் அழியும். அதிலும் யூஎஸ்பி டிஸ்குகளில் ரெய்டு போடவே போடாதீர்கள், ஒயர் லேசாக ஆடினால் ஒரு டிஸ்க் விலகிப்போகும், அப்புறம் 4 டிபியையும் மறுபடி ஒத்திசைக்க மணிக்கணக்கில் உட்கார வேண்டும்.

அந்த இரண்டாவது டிஸ்கை வாங்குங்கள், ஆனால் தினம் இரவு ஆர்சிங்க் (ஃபோல்டர்களை நகலெடுக்கும் கருவி) ஓட்டும் தனி டிஸ்காக வையுங்கள். இங்கேதான் நான் சூடுபட்ட கதை. என் இரவு ஸ்கிரிப்டில் டெலிட் என்ற தேர்வும் இருந்தது, மூலத்தில் இல்லாததை நகலிலும் நீக்கிவிடும். ஒருநாள் ரீபூட்டுக்குப் பிறகு முதல் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது தன் ஃபோல்டரோடு இணையவில்லை. மவுண்ட் ஆகாவிட்டாலும் அந்த ஃபோல்டர் இருக்குமல்லவா, காலியாக? ஆர்சிங்க் அதைப் பார்த்தது, சரி, இவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டார் போல என்று எடுத்துக்கொண்டு, நகலையும் காலையில் பளிச்சென்று துடைத்து வைத்திருந்தது. முதல் டிஸ்க் உயிரோடுதான் இருந்தது, அதனால் பிழைத்தேன். ஆனால் அது மவுண்ட் ஆகாததற்குக் காரணமே அது சாகத் தொடங்கியிருந்ததுதான், டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. கை நடுங்க எல்லாவற்றையும் வேறொரு டிஸ்குக்கு மாற்றி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

அதிலிருந்து ஸ்கிரிப்டின் முதல் வரியே, இரண்டு டிஸ்கும் மவுண்ட் ஆகியிருக்கின்றனவா என்று சோதிப்பதுதான், இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல் ஃபைல்) டிஸ்கை எஸ்டிஏ, எஸ்டிபி என்று எழுதாமல் யூயூஐடி (மாறாத அடையாள எண்) கொண்டு எழுதுங்கள், அந்தப் பெயர்கள் ரீபூட்டுக்கு ரீபூட் இடம் மாறும். நோஃபெயில் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், டிஸ்க் இல்லாவிட்டாலும் லேப்டாப் பூட் ஆகும். டெலிட்டுக்குப் பதிலாக லிங்க்-டெஸ்ட் தேர்வைப் பாருங்கள். ஒவ்வொரு நாளுக்கும் முழு நகல்போல ஒரு ஃபோல்டர் கிடைக்கும், மாறாத ஃபைல்கள் ஹார்ட் லிங்க்காக (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) இருப்பதால் கூடுதல் இடம் பிடிக்காது. இதற்கு டிஸ்க் எக்ஸ்ட்4 போல ஹார்ட் லிங்க் தாங்கும் ஃபார்மட்டில் இருக்க வேண்டும், எக்ஸ்ஃபேட்டில் நடக்காது. பத்திரங்களுக்கு மட்டும் மூன்றாவது நகல் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

அரைகுறை_அட்மின்:
கேபிள்தான்! சர்வர் பக்கம் 1000, கம்ப்யூட்டர் பக்கம் 100. கதவுக்கு அடியில் போகும் இடத்தில் நசுங்கிப் போயிருந்தது, தினமும் அதை மிதித்துத்தான் நடந்திருக்கிறேன். மாற்றியதும் 108. ஐபியும் ஒதுக்கிவிட்டேன். 445 ஆசையை விட்டுவிட்டேன். ரெய்டையும். டிஸ்க் இப்போது எக்ஸ்ஃபேட்டில்தான் இருக்கிறது, புதியது வந்ததும் அதை எக்ஸ்ட்4 ஆக்கி, எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் பழையதையும் அப்படியே செய்கிறேன்.

இன்னும் ஒன்று. லேப்டாப் மூடியை மூடினால் சர்வர் தூங்கிவிடுகிறது, திறந்தபடியே வைத்திருக்கிறேன். அப்புறம் தம்பியின் விண்டோஸ் 11 மட்டும் பாஸ்வேர்டு இல்லாத பொது ஃபோல்டரைத் திறக்க மாட்டேன் என்கிறது.

கம்பி_இணைப்பு:
லினக்ஸின் லாகின்டி அமைப்பு ஃபைலில் (logind.conf) மூடியை மூடும்போது என்ன செய்ய வேண்டும் என்ற வரி இருக்கும், அதை இக்னோர் என்று மாற்றுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், வருடம் முழுக்கச் சார்ஜிலேயே கிடக்கப் போகிறது. உப்பியிருந்தால் கழற்றிவிடுங்கள். நன்றாக இருந்தால் கரண்ட் போகும்போது லேப்டாப்பைத் தாங்கும், ஆனால் தனி அடாப்டரில் ஓடும் டிஸ்க் அதற்குள் அடங்காது.

தம்பியின் பிரச்சினை விண்டோஸின் பிடிவாதம், இந்த முறை அதன் பக்கம் நியாயம் இருக்கிறது. பாஸ்வேர்டு இல்லாத விருந்தாளி நுழைவைப் புதிய பதிப்புகள் மறுக்கின்றன. ரெஜிஸ்ட்ரியில் அதைத் திறந்துவிடச் சொல்லி நிறைய வீடியோக்கள் கிடைக்கும், செய்யாதீர்கள். சர்வரில் அவருக்கு ஒரு யூசர் உண்டாக்கி, எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி (smbpasswd) கட்டளையில் தனியாக ஒரு பாஸ்வேர்டு கொடுங்கள். லினக்ஸ் பாஸ்வேர்டு வேறு, சம்பா பாஸ்வேர்டு வேறு, பாதிப்பேர் இடறி விழுவது இங்கேதான்.

சுட்டபூனை:
எக்ஸ்ட்4 ஆக்குவதற்காகப் பழையதை ஃபார்மட் செய்யும் முன் புதிய டிஸ்கிலிருந்து பத்துப் பதினைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். பெயர் தெரிந்தால் போதாது, திறந்து பாருங்கள்.